அன்செல்மோவின் மகளிடம் நான் சொல்லாமல் விட்டது

போன மாதம் ஸ்பானிஷ் வகுப்பை முடித்துவிட்டு கைடு வேலைக்கு வரும் உங்களிடம் பேச என்னை அழைத்திருந்தார்கள். இரண்டாவது மொழியாக ஸ்பானிஷ் கற்பதன் நன்மைகள் என்பது தலைப்பு. அரை மணி நேரம் பேசினேன். நீங்கள் சிரித்தீர்கள், கை தட்டினீர்கள். வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மேடையில் நின்று அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொன்ன நன்மைகளை மறுக்கவில்லை. நான் டெல்லியில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, மாலை நேரத்தைப் போக்க வழி தெரியாமல்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். வட இந்தியப் பையன்களுக்கு வராத அழுத்தமான ‘ற’ என் நாக்கில் தானாக வந்தது. நீ என்றும் நீங்கள் என்றும் ஆள் பார்த்துப் பேசுவது ஸ்பானிஷ்காரர்களிடமும் உண்டு என்று தெரிந்தபோது தூரத்து உறவினரைக் கண்ட மாதிரி இருந்தது. ஊர் திரும்பியபின் அந்த மொழிதான் எனக்குச் சோறு போட்டது. கோவளத்துக்கும் கோட்டைக்கும் ஆங்கிலத்தில் கூட்டிப் போக எத்தனையோ பேர் இருந்தார்கள். ஸ்பெயினிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் ஆயுர்வேத சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு என்னை விட்டால் ஓரிருவரே இருந்தார்கள். ஸ்ரீவராகம் என்ற கோயில் தெருவில் பிறந்த ஒருவனை, உலகின் மறு பாதியில் இருக்கும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு அழைத்தன. இவையெல்லாம் அந்த மொழி எனக்குத் தந்தவை.

நம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் சீக்கிரம் வந்துவிடும். இரண்டு பக்கமும் பேசுவதை நாம் அப்படியே கடத்துவதில்லை. முள்ளை எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். சாலைக் கடைத்தெருவில் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் பாத்திரக் கடை. மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு அம்மாள் வெண்கல உருளி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

“என்ன சாமி இது, இன்னும் போணி ஆகல. இந்தம்மா தட்டித் தட்டியே உருளிய ஓட்ட போட்ரும் போலுக்கே. எடுத்தா எடுக்கச் சொல்லும், இல்லாட்டி நடையக் கட்டச் சொல்லும்.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். “உங்களுக்கு இசைக்கலைஞரின் காது என்கிறார். இத்தனை கவனமாக அவருடைய வெண்கலத்தை யாரும் கேட்டதில்லையாம்” என்றேன். அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். கல்லாவைச் சுற்றிப் போய் அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“என்னவே சொன்னீரு?” என்று அம்மாளின் தோளுக்கு மேலாக அண்ணாச்சி என்னைக் கேட்டார்.

“நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்.”

“அப்படின்னா இனி வாரவங்களை எல்லாம் திட்ட வேண்டியதுதான்.”

இதைப் போன மாதமும் சொன்னேன். நீங்கள் அதிகம் சிரித்தது இதற்குத்தான். என்னை வேலைக்கு அழைத்த பயண நிறுவனத்தின் முதலாளியும் இதையே மெச்சுவார். சாமி கூடப் போனால் ஒரு முகச்சுளிப்பு இருக்காது என்பார். நானும் அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன். பாத்திரக் கடையில் அது திறமைதான்.

கொரோனாவுக்கு முந்தைய ஒரு சீசனில் அன்செல்மோ வந்தார். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்துக்காரர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். முழங்கால் வலிக்கு எண்ணெய் சிகிச்சை செய்துகொள்ளக் கோவளம் பக்கத்தில் தங்கியிருந்தார். ஸ்பானிஷ் தவிர ஒரு சொல் தெரியாது. என்னை ‘மாயெஸ்த்ரோ’ என்று கூப்பிடுவார், ஆசானே என்பது போல. சிகிச்சை முடியும் வாரத்தில் மகள் லூசியாவும் மகனும் வந்து அவரை அழைத்துப்போவதாக ஏற்பாடு. இருவருக்கும் விசா கையில் இருந்தது; அப்பாவைப் போல அவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாது.

அவர்கள் வருவதற்கு முன்பே அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. நகரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலில் நீர், இதயம் மிகவும் பலவீனம் என்றார்கள். நர்ஸ் ஒருத்தி தன் போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை மெல்லத் தள்ளிவிட்டு என்னைச் சுட்டிக்காட்டினார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

மறுநாள் பிற்பகலில் டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மார்த்தாண்டத்துக்காரர், நடுவயதுப் பெண்மணி. தமிழும் மலையாளமும் அவர் பேச்சில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும்.

“சாமி, இனி ஒளிச்சு வெச்சுப் பேசி காரியமில்ல. இந்த ஹார்ட் கூடிப்போனா ரெண்டு மூணு நாள்தான் ஓடும். இப்போ நல்ல போதம் உண்டு, ஆளத் தெரியுது. நாளைக்கு இருக்குமான்னு எனக்கு உறப்பில்ல. மோள் இன்னைக்கே ஃபிளைட் ஏறணும்.”

“சரி டாக்டர்.”

“அவ வந்து சேரதுக்கு முன்னே போனாலும் போயிரும். அதுனால இன்னொண்ணு. ஐசியுவுக்குள்ள போன் கொண்டு போக நான் பெர்மிஷன் தாறேன். இன்னைக்கே அப்பாவும் மோளும் பேசட்டும். நான் சொன்னத அப்படியே சொல்லணும், கேட்டீங்களா?”

சொல்கிறேன் என்றேன். வெளியே வந்தால் ஒரு வேப்பமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு. அங்கே உட்கார்ந்து போன் செய்தேன். எங்களுக்கு மாலை, அவளுக்குக் காலை.

இந்த இடத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் தூரத்தில் இருப்பவரிடம் சாவைச் சாவென்று சொல்வதில்லை. என் அப்பா போனபோது டெல்லிக்கு வந்த செய்தி, உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வா என்பதுதான். பெட்டியில் துணியை மடித்து வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் தெரிந்தேதான் வந்தேன். தம்பானூர் ஸ்டேஷனில் சித்தப்பா மகன் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டபோது அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்கிறவர் பாதி சொல்வார், கேட்கிறவர் மீதியை நிரப்பிக்கொள்வார். தனியாகப் பயணம் வருகிறவர் வழியில் நொறுங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அன்பில்தான் உண்டானது.

லூசியா எடுத்ததும் கேட்டாள்: “டாக்டர் என்ன சொல்கிறார்?”

“நிலைமை கொஞ்சம் கவலைக்கிடம்தான். ஆனால் நல்ல டாக்டர், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்” என்றேன்.

“நான் இன்றே கிளம்பட்டுமா? அண்ணனுக்கு சனிக்கிழமைதான் லீவு கிடைக்கிறது. அவனோடு சேர்ந்து வந்தால் போதுமா? எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.”

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. டாக்டரின் பதில் என் வாயில் இருந்தது. எதிர்முனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவள் தனியாக இரண்டு விமானம் மாறி வருவதை நினைத்துப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் யாரென்று தெரியாத ஒருவர், அவள் அழுதுகொண்டே வருகிறாள். என்னால் முடியவில்லை.

“சீக்கிரம் வந்தால் நல்லது. ஆனால் பதற வேண்டாம்” என்றேன்.

நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் அந்த நிமிடமே செருப்பைத் தேடியிருப்பாள். லூசியாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவள் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமையே அவளுக்குச் சீக்கிரம்தான். “நன்றி, எனக்கு உயிர் வந்தது” என்றாள். டாக்டர் தந்த அனுமதியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஐசியுவுக்குள் போனைக் கொண்டுபோய்க் காதில் வைக்கிறார்கள் என்றால் அதன் அர்த்தம் அவளுக்கு விளங்கிவிடும் அல்லவா?

பிறகு உள்ளே போனேன். அன்செல்மோ ஆக்சிஜன் முகமூடியை விலக்கச் சொல்லிக் கை காட்டினார். நர்ஸ் சற்று விலக்கினாள்.

“மாயெஸ்த்ரோ, லூசியா வருகிறாளா?”

“வருகிறாள்.”

“அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லி வைக்கட்டுமா, அவள் வரும்வரை வைத்திருக்கட்டுமா?”

அவர் கண்கள் தெளிவாக இருந்தன. என்னிடமே சொல்லுங்கள் என்றால் அவள் வரும்வரை அவர் இருக்க மாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், பதற வேண்டாம் என்று அவளிடம் சொன்னதற்கு அது முரணாகிவிடும் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. இப்போது எழுதிப் பார்க்கும்போது அது எவ்வளவு அற்பமான காரணம் என்று தெரிகிறது. அன்று அது காரணமாகவே படவில்லை. அவருக்குத் தைரியம் கொடுப்பதாகத்தான் நினைத்தேன்.

“அவளிடமே சொல்லுங்கள். வந்துகொண்டுதானே இருக்கிறாள்” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு மூன்றே சொற்கள் சொன்னார். நர்ஸ் முகமூடியைத் திரும்ப மாட்டினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள்.

“நன்னா பண்ணினேள். தனியா பொறப்பட்டு வரப்போற பொண்ணு. அவகிட்டப் போய் அதையெல்லாம் சொல்லுவாளா யாராவது? பகவான் விட்ட வழி.”

அவளைக் குறை சொல்லவில்லை. என் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார்கள். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அன்செல்மோவுக்கு நினைவு தப்பியது. அதற்கு அடுத்த நாள் போய்விட்டார். லூசியாவும் அண்ணனும் விமானத்தில் இருந்தார்கள்.

விமான நிலையத்தில் அவள் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மருத்துவமனை நடைவழியில் டாக்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். லூசியா என்னிடம் கேட்டாள்: “இப்படி ஆகும் என்று டாக்டருக்குத் தெரியாதா?”

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அது எனக்கு அப்படித் தெரியவில்லை. ஓட்டை தெரிந்தது, அதில் நுழைந்தேன். “டாக்டரே இதை எதிர்பார்க்கவில்லை” என்றேன்.

டாக்டர் கையை நீட்டினார். லூசியா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பிடிக்காமல், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் மெல்லிய குரலில் என்னிடம், “சாமி, நான் சொன்னத எல்லாம் சொன்னீங்கதானே?” என்றார்.

“சொன்னேன் டாக்டர்.”

அந்த நடைவழியில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டு பக்கமும் பொய் சொல்ல என்னால் மட்டும்தான் முடியும். சொன்னேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. கிளம்பும்போது லூசியா என்னைக் கட்டிக்கொண்டு, “நீங்கள் ஒருவராவது அப்பாவுக்குப் பேச்சுத்துணையாக இருந்தீர்களே” என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்பா இறந்த நாளில் அவள் எனக்குப் போன் செய்தாள். குடும்ப விஷயங்களைச் சொல்வாள், என் சர்க்கரை அளவைக் கேட்பாள், நன்றி சொல்வாள். ஒவ்வொரு வருடமும் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் அது நிற்கவில்லை. அந்த நாள் நெருங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மனைவி வயிற்றுக் கோளாறு என்று கஷாயம் வைத்துத் தருவாள்.

போன வருடம் தம்பானூரில், நாகர்கோவில் வண்டிக்காக நின்றிருந்த டாக்டரைப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. நலம் விசாரித்தோம். நான் விலகப் பார்த்தேன்.

“அந்த ரயில்காரரோட மோள் கூப்பிடுவாளா?” என்று கேட்டார்.

“வருஷா வருஷம் கூப்பிடறா.”

“எனக்கு அன்னைக்கே மனசிலாச்சு சாமி. நான் கை நீட்டினேன், அவ பிடிக்கல்ல. எல்லாம் முன்னாடியே அறிஞ்ச மோள் டாக்டர அப்படிப் பார்க்க மாட்டா.”

“பின்னே ஏன் என்னைக் கேக்கலை?”

“கேட்டேனே. சொன்னேன்னு சொன்னீங்க. பின்னே நான் யாருகிட்ட கேக்க? அவகிட்ட கேக்க எனக்கு பாஷை உண்டா? அழுதுட்டு நிக்கிற பிள்ளைகிட்ட போன்ல உள்ள ஆப்ப நீட்டவா முடியும்?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வண்டி வந்தது. பையை எடுத்துக்கொண்டு, “உடம்பப் பாத்துக்கங்க சாமி” என்று சொல்லிவிட்டு ஏறினார். நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மொழிகளை வைத்துப் பிழைத்த எனக்கு அந்தப் பிளாட்பாரத்தில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை.

அன்றுதான் எனக்குத் தெளிந்தது. மொழி தெரியாததால் அந்த டாக்டர் இத்தனை வருடம் ஒரு பழியைச் சுமந்தார், அதை இறக்கி வைக்க அவருக்கு வழியே இல்லை. அந்த நர்ஸின் செயலியில் இலக்கணம் தடுமாறியிருக்கும், மரியாதை தவறியிருக்கும். ஆனால் ரெண்டு மூணு நாள் என்பதை அது ரெண்டு மூணு நாள் என்றே சொல்லியிருக்கும். லூசியா விமானம் ஏறியிருப்பாள். அதற்கு முன்பு அவள் குரல் அவள் அப்பாவின் காதில் விழுந்திருக்கும். இப்போதெல்லாம் செயலி இருக்கும்போது எதற்கு இந்த மொழியைக் கற்க வேண்டும் என்று போன மாதம் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். ஒரு மனிதர் போனைத் தள்ளிவிட்டு நம்மைச் சுட்டிக்காட்டுவார், அதற்காக என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சுட்டிக்காட்டப்பட்டவன் என்ன செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் வேலைவாய்ப்பைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வருடம் லூசியா கூப்பிட்டபோது நான் நலம் கூட விசாரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் என்ன சொன்னேன், என்ன சொல்லாமல் விட்டேன், டாக்டர் மேல் பழியை எப்படிப் போட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் என்று தொடங்கினேன். அவள் நிறுத்தினாள்.

“டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். அவர் சொன்னபடியே.”

சொன்னேன். ஸ்பானிஷில் அந்த வாக்கியங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியே வந்தன.

“இன்னொன்றும் இருக்கிறது” என்று, அப்பா அவளிடம் சொல்ல வைத்திருந்த விஷயத்தையும், காத்திருக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

“அது என்ன விஷயம்?”

“நோ சே” என்றேன். எனக்குத் தெரியாது. ஸ்பானிஷ் வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற வாக்கியம். அதைச் சொல்ல அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

அவள் போனை வைக்கவில்லை. அவள் வீட்டில் யாரோ தட்டுகளைக் கழுவி அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

“நீங்கள் காத்திருக்கச் சொன்னதும் அவர் என்ன சொன்னார்?”

“‘என்டோன்செஸ் லா எஸ்பேரோ.’ அப்படியானால் அவளுக்காகக் காத்திருக்கிறேன் என்றார்.”

“இன்னொரு முறை சொல்லுங்கள்.”

அவர் சொன்ன அதே சொற்களை, ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் குறைக்காமல், இன்னொரு முறை சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இந்த வருடம் அந்த நாள் வந்து போய்விட்டது. போன் வரவில்லை.